வெயில் கேட்ட பேச்சியம்மாள்

சென்னையில் தண்ணீர் கேட்டு மறியல் செய்திருக்கிறார்கள். பஸ் கேட்டு, பட்டா கேட்டு, ரோடு கேட்டு, போட்ட ரோட்டை மறுபடி தோண்டாமலிருக்கச் சொல்லிக் கேட்டு, எல்லாம் நடந்திருக்கிறது. வெயில் வேண்டும் என்று கேட்ட ஆளை மட்டும் இந்த ஊர் பார்த்ததில்லை. வடாம் பிழியும் மயிலாப்பூர் மாமிகள்கூட அதைக் கேட்டு வாங்குவதில்லை. அதுவாக வந்து மொட்டை மாடியில் விழுகிறது. கேட்ட ஒரே ஆள், தி. நகர் மேட்சிங் கடை பேச்சியம்மாள். அதுவும் சித்திரை மாதத்தில், ஏ.சி. போட்ட கல்யாண மண்டபத்தில், கூடியிருந்தவர்கள் எல்லாம் நிழலுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

புடவை கட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு மேட்சிங் கடை பற்றி ஒரு வார்த்தை. புடவையைப் பெரிய கடையில் எடுப்பார்கள். அதற்கு ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஓரத்தில் தைக்கிற ஃபால்ஸ் எல்லாம் அதே நிறத்தில் வேண்டும். அந்த 'அதே நிறம்' என்ற விஷயத்தில் அக்கா தங்கைகள் பேச்சுவார்த்தை நின்றுபோனதுண்டு. புடவையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் தள்ளுகிற திசைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தால், அது ஒரு சந்து முனையில் கொண்டுபோய் விடும். அங்கே மழைக்கறை படிந்த ஒரு பழைய கட்டடம். அதன் கோடியில் 'முப்பிடாதி அம்மன் மேட்சிங் சென்டர்'. பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் இசக்கிமுத்து அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கத்துச் சுவரும் தொடும். அத்தனை அகலம். சுவர் தெரியாதபடி தரையிலிருந்து கூரை வரை துணி.

அண்ணாச்சி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து துணி வெட்டுவார். தொழில் நடப்பதோ வாசற்படிக்கு வெளியே. புடவையை வாங்கிப் பார்த்ததும் பேச்சியம்மாள் அலமாரியிலிருந்து நாலைந்து துணிகளை உருவிக் கையில் போட்டுக்கொள்வாள். உள்ளே வைத்து அவற்றை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். வாடிக்கையாளரைக் கையைப் பிடித்துப் படியிறக்கி, வெயிலில் நிறுத்தி, முந்தானையை விரித்து, அதன்மேல் ஒவ்வொரு துணியாக வைத்து எடுப்பாள். "உள்ள பாத்தா டியூப்லைட்டு சொல்லுறதத்தான் நம்பணும் தாயி. வெளிய வாங்க." அரசியல்வாதி மனைவியானாலும் சரி, ஆடிட்டரானாலும் சரி, அந்தப் படியிறங்கி வெயிலில் நின்றுதான் ஆகவேண்டும்.

பேச்சியம்மாள் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது இசக்கிமுத்து தன் மாமாவின் ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். ஒரு நாள் அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்தவள், அரக்குப் புடவைக்கு ஜாக்கெட் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "அது அரக்கு இல்லம்மா, பாக்கு" என்று சொல்லிவிட்டாள். மாமா முறைத்தார். அந்த அம்மாள் துணியை ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, "பொண்ணு சொல்றது சரி" என்றாள். மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியோடு பேச்சியம்மாளும் கடையில் இருந்தாள். பிறகு தனிக்கடை, பிறகு பேர். அடையாறிலிருந்து, கோபாலபுரத்திலிருந்து, கல்யாணம் நிச்சயமான வீடுகளிலிருந்து எல்லாம் வருவார்கள். "பேச்சியம்மா கண்ணு" என்பது அந்த வட்டாரத்தில் ஒரு தர முத்திரை.

அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரிக்கு ஒரு பலவீனம் உண்டு. 'உன்னால் முடியாது' என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், முடித்துக் காட்டிவிட்டுத்தான் என்ன ஏது என்று யோசிப்பாள். அண்ணாச்சி இதை வைத்தே குடும்பம் நடத்தினார் என்றும் சொல்லலாம். மூட்டுவலிக்காரியைத் திருத்தணிப் படி ஏறவைத்தது முருகன் அல்ல. "உன்னால ஏற முடியாது, ஆட்டோவுல போவோம்" என்று அடிவாரத்தில் அண்ணாச்சி சொன்ன ஒரு வாக்கியம்.

இப்படி இருக்கும்போதுதான் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

பழைய கட்டடத்தையும் பக்கத்திலிருந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்து இடித்து ஒரே வளாகமாகக் கட்டுவது என்று உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். இருக்கிற கடைக்காரர்களுக்கு அதே வரிசையில் புதுக் கடை. அதுவரை யாருக்கும் சண்டையில்லை. ஆனால் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் எழும்பும் கட்டடங்களுக்குப் புதிதாகத் தர விதிகள் வந்திருந்தன. ஏ.சி. மெஷின் தண்ணீர் நடப்பவர் தலையில் சொட்டக் கூடாது. சக்கர நாற்காலிக்கான சரிவு, சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரை நடைபாதையில் வைத்துவிட்டு மனிதர்களை ரோட்டுக்கு அனுப்பக் கூடாது. சொல்லப்போனால் எல்லாமே நல்ல விதிகள். நல்ல விதி போடுவது நம் ஊரில் புதிதல்ல. இவற்றை நிஜமாகவே அமல்படுத்தப் போகிறார்கள் என்பதுதான் வியாபாரிகளைக் கலவரப்படுத்தியது.

விளக்கக் கூட்டத்தை மண்டபத்தில் வைத்தார்கள். விளக்கியவள் ஸஹானா. மயிலாப்பூர்ப் பெண், கட்டட வடிவமைப்பாளர், அந்த விதிகளை எழுதிய குழுவில் இளையவள். திரையில் ஒவ்வொரு படமாக வந்தது. படத்தில் இருந்த தி. நகரில் எல்லோரும் ஒல்லியாக இருந்தார்கள். யார் கையிலும் கட்டைப்பை இல்லை. ஒரு குழந்தை பலூன் வைத்திருந்தது. ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளோடு நின்று எதையோ ரசித்துக்கொண்டிருந்தார்.

"இது முக்கியமான விதி" என்றாள் ஸஹானா. "ஸ்டேஷன்லேர்ந்து வர்றவங்க வெயில் படாம, மழை படாம நடக்கணும். அதனால கடைகளுக்கு முன்னாடி முழு நீளத்துக்கும் கூரை போட்ட நடைபாதை."

கைதட்டல். மேலே தகரம் கட்டினால் மாநகராட்சி பிடுங்கும், கட்டாவிட்டால் வாடிக்கையாளர் வாடுவார் என்று அதுவரை தவித்தவர்கள் மனசாரத் தட்டினார்கள். பக்கத்துக் கடை பீர் முஹம்மது விசில் அடித்தார். பேச்சியம்மாள் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வெயில் வேணும்."

மண்டபம் சிரித்தது. ஸஹானா சிரிக்கவில்லை, அவளுக்குப் புரியவில்லை. "சாரி ஆன்ட்டி, வெயில் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். நான் ஆன்ட்டி இல்ல, பேச்சியம்மா."

பீர் முஹம்மது திரும்பினார். "இன்னாக்கா, ஊரே நெழலு நெழலுன்னு அடிச்சிக்கினு கீது. நீ மட்டும் வெயில் வேணுன்ற. வத்தல் காயப் போடப் போறியா?"

"பாய், நீரு குடைக்கடை வச்சிருக்கீரு. கூரை வந்தா உம்ம குடையை எவன் வாங்குவான்? அதுக்கு விசில் வேற அடிக்கீரு."

பீர் முஹம்மது மறுபடி விசிலடிக்க வாய்க்குக் கொண்டுபோன விரலை இறக்கினார். அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. கூட்டம் முடியும்வரை யோசித்துக்கொண்டே இருந்தார்.

மறுவாரம் ஸஹானா கடைக்கே வந்தாள். படித்தவர்கள் கள ஆய்வு என்று ஐந்து நிமிஷம் நின்று செல்ஃபி எடுத்துப் போவார்கள் என்று பேச்சியம்மாள் எதிர்பார்த்தாள். அந்தப் பெண் ஒரு மத்தியானம் முழுக்க நின்றது. படியிறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தது. அண்ணாச்சி கொடுத்த பன்னீர் சோடாவைக் குடித்தது.

"பேச்சியம்மா, உங்க பிரச்சினை எனக்குப் புரியறது. ஆனா அங்க பாருங்க." ஸ்டேஷன் பக்கமிருந்து ஒருத்தி கைக்குழந்தையின் தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "அவங்களுக்கு நிழல் வேண்டாமா?"

"வேண்டாம்னு நான் சொல்லலியே. எம்புட்டு நிழல் வேணும்னாலும் போடு. எனக்கு ஒரு கதவளவு வெயில் விட்டுரு."

"உங்களுக்கு விட்டா, எல்லாரும் கேட்பா. ஆளுக்கொரு ஓட்டை போட்டா அது கூரை இல்ல, சல்லடை."

"அப்போ எனக்குக் கடை இல்ல."

அதைக் கோபமில்லாமல் சொன்னாள். சும்மா மிரட்டலும் இல்லை. வெயிலில் பார்க்காத துணியை அவள் கொடுக்க மாட்டாள்; கொடுக்காவிட்டால் அது மேட்சிங் கடை ஆகாது. ஸஹானாவுக்கும் அது தெரிந்தது. இரண்டு பேருமே நியாயமாக இருப்பதால் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு சோடா குடித்தார்கள்.

நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிற இடத்தில் சமரசத்தோடு ஒருவர் வருவார். ராகேஷ் வந்தான். கட்டட நிறுவனத்தின் மேனேஜர். வெள்ளைச் சட்டை, எல்லோரையும் மேடம் என்பான், வடை விற்கும் அம்மாளையும் சேர்த்து. "ரொம்ப சிம்பிள் மேடம். வெளிச்சம் ஊடுருவுற ஷீட் போடுவோம். நிழலும் உண்டு, வெளிச்சமும் உண்டு. உங்களுக்கும் வெற்றி, அவங்களுக்கும் வெற்றி." பழைய கட்டடத்தின் முன்னாலேயே மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டுவதாகவும், விதிக் குழுவினர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்யட்டும் என்றும் சொன்னான். கம்பி நட்டு, முழு நீளத்துக்கும் ஷீட் ஏற்றினார்கள்.

ஷீட் பச்சை நிறம். பச்சையாக இருந்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ராகேஷ் எங்கோ படித்திருக்கிறான்.

அன்றிலிருந்து அந்த வரிசை பாசி பிடித்த குளத்துக்கு அடியில் போன மாதிரி ஆயிற்று. பூக்காரியின் மல்லிகை மருக்கொழுந்தானது. பீர் முஹம்மதுவைப் பார்த்தவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். "ஒண்ணும் இல்ல நைனா, வளர்ச்சி" என்று அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நிழல் என்னவோ சுகமாகத்தான் இருந்தது. நடந்து வந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் வாங்கினார்கள். மற்ற கடைகளில் வியாபாரம் ஏறியது.

பேச்சியம்மாள் வாடிக்கையாளர்களை ஷீட்டைத் தாண்டி நடு ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அங்கே கூட்டம் நிற்க விடவில்லை. ஒரு நாள் நங்கநல்லூர் அம்மாள் ஒருத்தி கொண்டுவந்த புடவையின் முந்தானை பேச்சியம்மாள் கையில் இருந்தது, அந்த அம்மாள் புடவையின் மறுமுனையோடு ரங்கநாதன் தெருவுக்குள் போய்விட்டாள். மீட்டுக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் பலர், "பரவாயில்ல, இன்னொரு நாள் வர்றோம்" என்று போனார்கள். மேட்சிங் கடை அகராதியில் அந்த இன்னொரு நாள் வராது.

குழு வருவதற்குச் சில நாட்கள் முன்பு ஸஹானா ஒரு துணிப்பையோடு வந்தாள். கூச்சமாகச் சிரித்தாள்.

"இன்னிக்கு ஆபீஸ் வேலையா வரல. எனக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு இந்தப் புடவை. அம்மா உங்களண்டதான் ரவிக்கை எடுக்கணும்னுட்டா."

அரக்குப் பட்டு, பொடிக் கட்டம். பேச்சியம்மாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நல்லா இரு தாயி. மாப்பிள்ளை யாரு? கட்டடம் கட்டுறவனா, இடிக்கிறவனா?" என்று கேட்டுக்கொண்டே அலமாரியிலிருந்து உருவினாள். அரக்கில் மட்டும் ஏழெட்டு ரகம் உண்டு. மிளகாய்ப்பழத்தில் ஆரம்பித்துப் பாக்கு வரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும். அத்தனையையும் கையில் அள்ளிக்கொண்டு, "வா, அந்த ரோட்டு முனைக்குப் போவோம்" என்று படியிறங்கினாள்.

கம்பியின் போல்ட்டைச் சரிபார்க்க வந்திருந்த ராகேஷ் அங்கே நின்றான்.

"எதுக்கு மேடம் அவ்வளவு தூரம்? இங்கேயே பாருங்களேன்." பிறகு தன்னையே திருத்திக்கொண்டான். கிண்டலாகக்கூட அல்ல, அக்கறையாகத்தான் சொன்னான். "ஓ, சாரி. இந்த வெளிச்சத்துல உங்களால முடியாதுல்ல."

உள்ளே அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்தார். பீர் முஹம்மது கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரால முடியாது?" என்றாள் பேச்சியம்மாள்.

பச்சை வெளிச்சத்தில் முந்தானையை விரித்தாள். ஒவ்வொரு துணியாக வைத்தாள், எடுத்தாள், மடித்து வைத்தாள், கண்ணைச் சுருக்கினாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ராகேஷ் போனில் படம் பிடித்தான். கடைசியில் ஒரு துணியை உருவி முந்தானையோடு சேர்த்து ஸஹானா தோளில் போட்டாள். இருந்த இடம் தெரியாமல் புடவையோடு அது கலந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. மண்டபத்தில் சிரித்தவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். பேச்சியம்மாள் நிமிர்ந்து ராகேஷைப் பார்த்த பார்வையை, பச்சை வெளிச்சம் இல்லாமலிருந்தால் ராஜபார்வை என்றே சொல்லலாம்.

கடை சாத்தும்போது அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, அந்தத் துணி சரியா இருந்துச்சுன்னா, இந்த ஷீட்டே போதும்னு ஆயிரும். வெயில் போச்சு. தப்பா இருந்துச்சுன்னா ஒன் பேரு போச்சு. இதுல எது நடக்கணும்னு சாமி கும்பிடட்டும் நான்?"

ஷட்டரின் பாதியில் பேச்சியம்மாள் கை நின்றது. அவள் யோசிக்க ஆரம்பிக்கிற நேரம் எப்போதும் அதுதான்.

பதில் மயிலாப்பூரிலிருந்து வந்தது. ஸஹானாவின் அம்மா ஜானு மாமி, தைத்த ரவிக்கையும் புடவையுமாக ஒரு காலை வேளையில் கடைக்குள் நுழைந்தாள். யாராவது கேட்கிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பேச்சியம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்காத்துல மூணு கல்யாணத்துக்கு உங்ககிட்டதான் வாங்கிண்டு போயிருக்கேன். ஒரு நூல் மாறினதில்ல. இதை மொட்டை மாடியில வச்சுப் பார்த்தப்போதான்..."

பேச்சியம்மாள் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஷீட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனாள். கூட்டத்தில் தோளில் இடித்தவர்களை லட்சியம் செய்யவில்லை. வெயிலில் விரித்தாள்.

புடவை அரக்கு. ரவிக்கை பாக்கு.

சோற்றுத் தூக்கோடு வந்த புதுப்பெண்கூடச் சொல்லியிருப்பாள். சொல்லவும் செய்தாள், அன்றைக்கு.

திரும்பி வந்து சரியான துணியை எடுத்து மாமியிடம் காட்டினாள். "நாங்களே தச்சுக் கொண்டாந்து தாரோம். இந்தச் சட்டையை இங்க விட்டுட்டுப் போங்க மாமி."

"எதுக்கு? தைச்சாச்சு, காட்டன் புடவைக்குப் போட்டுப்பா." மாமி அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கோ. யார்கிட்டயும் மூச்சு விடப்படாதுன்னு ஸஹானா சத்தியம் வாங்கிண்டுட்டா. குழுவுல இதைச் சொன்னா அந்த ஷீட்டு நிக்காது, அவளுக்குத் தெரியும். ஆனா பேச்சியம்மா பேரைக் கெடுத்து என் கூரையைச் சரி பண்ணிக்க மாட்டேன்னுட்டா. அப்பா மாதிரி பிடிவாதம்."

அன்று முழுக்கப் பேச்சியம்மாள் யாரிடமும் பேரம் பேசவில்லை. அண்ணாச்சி பயந்துபோனார்.

குழு வந்த நாள் நல்ல உச்சி வெயில். தலைவர் பிரபு, ஓய்வுபெற்ற வடிவமைப்பாளர், காது மடலில் முடியுள்ள பெரிய மனிதர். கூட நாலைந்து அதிகாரிகள். எல்லோரும் ஷீட்டுக்கு அடியில் நின்று, ஆஹா என்ன நிழல் என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஸஹானா அளவுகளைப் படித்தாள். கடைக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"ஒரே ஒரு ஆட்சேபணைதான் பாக்கி இருந்தது" என்றார் தலைவர். "மேட்சிங் கடை."

"அது தீர்ந்துடுச்சு சார்." ராகேஷ் போனை நீட்டினான். படம் ஓடியது. பச்சையில் ஒரு பேச்சியம்மாள் துணியை உருவித் தோளில் போட்டாள், கூட்டம் கைதட்டியது. அதிகாரிகள் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டினார்கள். "இந்த வெளிச்சத்துலயே கரெக்டா எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் நிக்கிறது நம்ம ஸஹானா மேடமேதான் சார்."

தலைவர் ஸஹானாவைப் பார்த்தார். "அப்படியாம்மா? சரியா இருந்ததா?"

ஸஹானா தன் செருப்பைப் பார்த்தாள். "அவங்க கண்ணு ரொம்ப நல்ல கண்ணு சார்" என்றாள்.

அது கேள்விக்குப் பதில் இல்லை. தலைவருக்குத் தெரியவில்லை, பேச்சியம்மாளுக்குத் தெரிந்தது. தலைவர் பேனாவைத் திறந்தார். பேச்சியம்மாள் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் கடைக்குள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். 'உன்னால் முடியாது' என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கென்று அதைச் சொல்லவில்லை.

"அய்யா, ஒரு நிமிஷம்" என்றாள். "அந்தப் படத்துல இருக்க பொம்பள தப்புப் பண்ணிட்டா."

இடுப்பிலிருந்து இரண்டு துண்டுத் துணிகளை எடுத்தாள். காலையிலேயே வெட்டிச் செருகியிருந்தாள், எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே. தலைவர் கையில் வைத்தாள். "ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

"ஒண்ணுதான்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். கொஞ்சம் இப்படி வெளிய வாங்க."

பெரிய மனிதரைக் கையைப் பிடித்து, வாடிக்கையாளரைக் கூட்டிப் போவது போலவே கூட்டிப் போனாள். ஷீட்டின் விளிம்பைத் தாண்டியதும் அவர் கையில் ஒரு துண்டு சிவந்தது, மற்றது பழுப்பாகவே நின்றது. அவர் ஒரு அடி உள்ளே வைத்தார், ஒன்றாயின. வெளியே வந்தார், வேறாயின. பச்சைப் பிள்ளை மாதிரி இரண்டு மூன்று தடவை போய்வந்தார். மற்ற அதிகாரிகளும் வெயிலுக்கு வந்து தங்கள் சட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் குனிந்து வெகு நேரம் நின்றார். காலையில் டியூப்லைட்டில் போட்டுக்கொண்டு வந்த காலுறைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று நேவி ப்ளூ என்று இப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

"அக்கா, உன் கண்ணே ஏமாந்துச்சா?" என்றார் பீர் முஹம்மது. கிண்டல் இல்லை, நிஜமான துக்கம்.

"ஆமா. எல்லார்ட்டயும் போய்ச் சொல்லும்."

"நான் ஏங்க்கா சொல்லப் போறேன்?" என்றார். சாயங்காலத்துக்குள் உஸ்மான் ரோடு வரை சொல்லிவிட்டார்.

ஸஹானா மட்டும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க சொல்லியிருக்க வேண்டாம்."

"நீ ஏன் சொல்லல?"

"உங்க பேரு..."

"கடை இருந்தாத்தான தாயி பேரு?" பேச்சியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, அந்தப் பச்சைக் கழுதையைக் கழட்டச் சொல்லு மொதல்ல. பாய் மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல."

சல்லடையாகாமல் கூரையில் எப்படி வெயில் விடுவது என்று ஸஹானா இரண்டு வாரம் வரைந்து வரைந்து கிழித்தாள். பிறகு கடைக்கு ஒரு டேப்போடு வந்தாள். பேச்சியம்மாளும் அண்ணாச்சியும் ஒரு முந்தானையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க, அவர்களைச் சுற்றி அளந்தாள். அந்த அளவுதான் விதியில் ஏறியது. கூரை முழு நீளத்துக்கும் உண்டு. சில கடைகளுக்கு ஒன்று வீதம், நடக்கிற வழியிலிருந்து சற்று ஒதுங்கி, வானம் தெரிகிற ஒரு சதுரம். இரண்டு பேர் ஒரு புடவையை விரித்துப் பிடிக்கிற அளவு. விதிப் புத்தகத்தில் அதற்கு 'பொருட்களின் இயல்நிறம் காண்பதற்கான திறந்தவெளிக் கட்டம்' என்று பெயர். சந்தில் அதற்குப் 'பேச்சியம்மா ஓட்டை' என்று பெயர்.

இப்போது ஸ்டேஷனைச் சுற்றி எழும்பும் கட்டடங்களில் எல்லாம் அந்த ஓட்டை வந்துகொண்டிருக்கிறது. பொருளே விற்காத வங்கி ஒன்றின் வாசலிலும் இருக்கிறது. எதற்கென்று மேனேஜருக்குத் தெரியாது. வாடிக்கையாளர்கள் அங்கே போய் நின்று போன் பேசுகிறார்கள், சிக்னல் நன்றாக இருக்கிறதாம். புது வளாகத்தில் பீர் முஹம்மது கேட்டு வாங்கிக்கொண்டது ஓட்டைக்கு அடுத்த கடை. ஐப்பசியில் பார்த்தால் காரணம் புரியும். கூரைக்கடியில் நனையாமல் வருகிற ஜனங்கள் அந்தச் சதுரத்தில் கொட்டுகிற மழையைக் கண்டு திகைத்து நிற்கிறார்கள். பக்கத்தில் இவர் குடையோடு நிற்கிறார். "ஓரமா போனாலும் சாரல் அடிக்கும் சார், நனைஞ்சிக்கினு ஆபீஸ் போக முடியுமா?"

புதுக் கடை திறந்த அன்று முதல் ஆளாக ஜானு மாமி வந்தாள். ஸஹானாவின் வளைகாப்புக்கு எடுத்த புடவை, இதுவும் அரக்கு. பேச்சியம்மாள் ஒரு துணியை உருவினாள். முன்பெல்லாம் மாமி அவள் எடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு போவாள். இப்போது துணியை அவள் கையிலிருந்து வாங்கி, தானே சதுரத்துக்கு நடந்தாள். பேச்சியம்மாள் பின்னால் போய் முந்தானையின் மறுபக்கத்தைப் பிடித்தாள். அவளுக்கு அது வலித்ததா என்றால், கொஞ்சம். பேச்சியம்மா கண்ணு இப்போது மற்றவர்கள் கண்ணோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது.

மாமி துணியை முந்தானைமேல் வைத்த நேரம் பார்த்து மேகம் வந்து மறைத்தது. சதுரம் மங்கியது. மாமி அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்குச் சரியாத்தான் படறது" என்றாள், சந்தேகமாக.

உள்ளேயிருந்து அண்ணாச்சி கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார். "சரியா இருக்குன்னுதான சொல்லுதாவ. வெட்டிரவா?"

"சும்மா இருங்க" என்றாள் பேச்சியம்மாள். "மேகம் போவட்டும்."

ஸ்டேஷன் கூட்டம் கூரை நிழலில் அவர்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அந்தப் புடவையை விரித்துப் பிடித்தபடி, முகத்தை அண்ணாந்து, வெயிலுக்காகக் காத்திருந்தார்கள்.